மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு கல்லூரி

கோவில்பட்டிக்காரி, இல்லினாய்

இங்கே அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரியில், சேர்ந்திருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும், "பி.காம் முடித்தவளுக்கு மறுபடியும் பிளஸ் டூவா?" என்று கேட்டாள் அம்மா. எனக்கும் மனசுக்குள் அதே கேள்விதான் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

என் கணவர் மருத்துவர். ஜே1 என்ற பயிற்சி விசாவில் வந்து பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்க்கச் சம்மதித்தால் அந்த நிபந்தனை தள்ளுபடி. இந்தத் திட்டத்தைக் கான்ராட் 30 என்பார்கள். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். அப்படித்தான் மூவாயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு எச்4, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் விசா. வேலை பார்க்கக் கூடாது, படிக்கலாம். ஜன்னல் வழியே பக்கத்து நிலத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு வளர்ந்ததைப் பார்த்து முடித்த பிறகு, ஏதாவது படித்துத் தொலைக்கலாம் என்று கிளம்பினேன்.

கல்லூரி வீட்டிலிருந்து 18 மைல். செங்கல் கட்டடம், ஒரே தளம். மூன்று பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் நெடுஞ்சாலை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அந்தக் கணக்கில் இது காட்டுக்குள் இருக்கும் கல்லூரிதான். ஆகஸ்டில் முதல் நாள் போனபோது பயிர் மறைத்துக்கொண்டிருந்ததால் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அறுவடை முடிந்த பிறகு இரண்டு மைல் தள்ளியே தெரிந்தது.

சேரும்போது மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்பதற்கு மட்டும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு சோதனை. பி.காமில் முதல் வகுப்பில் தேறியவளுக்குப் பின்னக் கணக்கா என்று கோபம் வந்தது. அதில் இரண்டு தப்பு என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன். கட்டணம், அந்தக் கல்லூரிக்கு வரி கட்டும் பகுதிக்குள் வசிப்பவர்களுக்கு ஒன்று, வெளியாருக்கு வேறு. மின்கட்டண ரசீதைக் காட்டி உள்ளூர்க் கட்டணத்தில் சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டவர், தன் சொத்துவரி ரசீதை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்ற பட்டியலில் கல்லூரிக்கும் தனியாக ஒரு வரி. "என் காசு, ஒழுங்காகப் படி" என்றார். பாதி விளையாட்டுதான்.

அமெரிக்காவின் மிகப் பழைய அரசு கம்யூனிட்டி காலேஜ் இதே மாநிலத்தில்தான், ஜோலியட்டில், 1901இல் தொடங்கியது. அது இப்போது பெரிய இடம். எங்களுடையதில் உணவகம்கூட இல்லை, காசு போட்டால் சிப்ஸ் விழும் இயந்திரம்தான்.

கணக்கியல் வகுப்பு செவ்வாய் மாலை. பதினோரு பேர். ஆலை மூடி வேலை போன ஒருவர், பள்ளியில் படித்துக்கொண்டே இங்கும் வரும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அறுபதை நெருங்கும் விவசாயி ஒருவர். பாடம் எடுத்த அம்மையார் பகலில் தானியக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். ஸ்வெட்டரில் உமித்தூசி ஒட்டியிருக்கும். பற்று, வரவு என்று ஆரம்பித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது.

நான்காவது வாரம் பலகையில் ஒரு கணக்கு எழுதினார். டிசம்பரில் விவசாயி மக்காச்சோளம் விற்கிறார், பணம் ஜனவரியில் வருகிறது. வருமானம் எந்த ஆண்டில்? நான் கை தூக்கி, விற்ற ஆண்டில் என்றேன். பிளஸ் டூவையும் சேர்த்து ஐந்து ஆண்டு படித்த படிப்பு, சந்தேகமே இல்லை. பக்கத்தில் இருந்த விவசாயி மெதுவாகச் சிரித்தார். இங்கே பெரும்பாலான விவசாயிகள் வரிக்கு ரொக்க முறையில்தான் கணக்கு வைக்கிறார்கள். பணம் கைக்கு வந்த ஆண்டில்தான் வருமானம். விளைச்சல் கொட்டிய ஆண்டில் வரி எகிறாமல் இருக்க, பணத்தை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்வதாகக் கிடங்கோடு ஒப்பந்தம் போடுவார்கள். ஆனால் முன்கூட்டியே போட வேண்டும். காசோலை மேசைமேல் தயாராக இருக்க, "ஜனவரியில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று தள்ளிப்போட்டால் செல்லாது, கைக்கு வந்ததாகவே கொள்வார்கள். இதை அம்மையார் பாதி சொன்னார், மீதியை அந்த விவசாயி சொன்னார். அன்றைக்கு நிறுத்தியதுதான், அதற்குப் பிறகு நான் கொட்டாவி விடவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பனி. விழுகிற பனியைவிடக் கிடக்கிற பனிதான் மோசம். அறுத்த நிலத்தில் தடுக்க ஒரு மரம் கிடையாது. காற்று வாரிக்கொண்டு வந்து சாலைக்குக் குறுக்கே கொட்டுகிறது. லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வண்டிக்குள் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த விவசாயி தன் பிக்கப்பை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, கையை மட்டும் வெளியே நீட்டி அசைத்தார். அந்தச் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருபது மைல் வேகத்தில் போனேன். எங்கள் தெரு வந்ததும் ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். அவர் வீடு எதிர்த்திசையில் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் நன்றி சொன்னபோது வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். அடுத்த நிலை வகுப்புக்கு ஐந்து பேர்தான் சேர்ந்தோம் என்று, தொடங்க மூன்று நாள் இருக்கும்போது ரத்து செய்துவிட்டார்கள். புத்தகம் வாங்கியாகிவிட்டது. நூற்றெண்பது டாலர்.

பகுதிநேர ஆசிரியர், டெக்சாஸ்

சகோதரி, நான் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவன். மேற்கு டெக்சாஸில் நான்கு ஆண்டு கணிதம் எடுத்தேன். ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம், மருத்துவக் காப்பீடு கிடையாது. இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே அறுபது மைல். எனக்கென்று அறை இல்லாததால் மாணவர்களின் சந்தேகத்தைக் கார் பானெட்டின்மேல் தாள் விரித்துத் தீர்த்திருக்கிறேன். ஐந்து பேருக்காக உங்கள் வகுப்பு ரத்தானபோது அந்த அம்மையாருக்கும் அந்தப் பருவத்துச் சம்பளம் போயிருக்கும். நிர்வாகத்தைத் திட்டும்போது அதையும் சேர்த்துத் திட்டுங்கள்.

ஒரு பெண் தன் ஐந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு வருவாள். விதிப்படி கூடாது. அவன் கடைசி வரிசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பான், நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் பலகையில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். அவன்தான், "நேற்று அம்மா அங்கே கோடு போட்டாள்" என்றான்.

ஒன்பதாவது வாரம் அவள் வரவில்லை, பத்தாவது வாரமும் வரவில்லை. கியர்பெட்டி போய்விட்டதாம், பழுது பார்க்கப் பணம் இல்லை. பஸ் ஓடாத ஊரில் வண்டி நின்றால் படிப்பும் நின்றது. பாதியில் விட்டவர்கள் என்ற கணக்கில் அவளையும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஒரு தகப்பன், ஐயோவா

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கிற பிள்ளைகளைப் பற்றி அக்கா எழுதியிருந்தார். என் மகளும் அப்படித்தான் ஐந்து பாடம் முடித்தாள், எங்களுக்கு ஒரு காசு செலவில்லை. ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது மூன்றைத்தான் ஏற்றார்கள். உள்மாநிலத்துக்குள் ஒப்பந்தம் இருக்கும், எல்லை தாண்டினால் அவர்கள் இஷ்டம். வேதியியலுக்குப் பாடத்திட்டத் தாளைக் கேட்டார்கள், அதை நாங்கள் எப்போதோ குப்பையில் போட்டிருந்தோம். தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம் செல்லும் என்பதைச் சேரப்போகும் இடத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கோவில்பட்டிக்காரி, இல்லினாய்

டெக்சாஸ் அண்ணன் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நூற்றெண்பது டாலரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பை இந்த ஆகஸ்டில் மறுபடியும் அறிவித்திருக்கிறார்கள். நேற்று வரை ஒன்பது பேர். பிக்கப்காரர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார். எண்ணிக்கை போதாதென்றால் தன் மருமகளையும் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். அவளுக்கு விருப்பமா என்று கேட்டால் பதில் இல்லை.