ஜூராவின் மஞ்சள் ஒயின்: கெட்டுப்போனதா, இயல்பே அதுவா?

கேள்வி:
வணக்கம். பிரான்சின் லியோன் நகரில் நண்பர் வீட்டு விருந்தில், ஜூரா மலையடிவாரத்திலுள்ள ஆர்புவா ஊரின் வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அக்ரூட் பருப்பின் வாசமும், திறந்தே கிடந்தது போன்ற ஒரு நெடியும் வந்ததால், அது கெட்டுவிட்டதோ என்று ஐயுற்றேன். நண்பரோ அதன் சிறப்பே அதுதான் என்கிறார். ஒயினுக்குப் பெயர்போன பர்கண்டிக்குக் கிழக்கே இருந்தும் அதிகம் பேசப்படாத இந்த வட்டாரத்தில், எந்த ஊர் ஒயினிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
உங்கள் நண்பர் சொன்னது சரி. பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும்போது மற்ற இடங்களில் மேலும் ஊற்றி நிரப்புவார்கள். இங்கே சவாஞான் திராட்சையின் ஒயினை நிரப்பாமல் விட்டுவிடுவதால், அதன்மேல் ஈஸ்ட் மெல்லிய ஆடையாகப் படர்ந்து, அந்த அக்ரூட் மணத்தை உண்டாக்குகிறது. 'மஞ்சள் ஒயின்' என்ற பெயரைப் பெற, அறுவடைக்குப் பின் 6 ஆண்டுகளுக்கு மேல் அது காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டரில் எஞ்சுவது 62 சென்டிலிட்டர்தான் என்பார்கள். அதை அடைக்கும் குட்டையான கிளாவலான் புட்டியின் அளவும் அதுவே. இந்த மணம் பிடிக்காவிட்டால், புட்டியில் 'ஊயே' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பீப்பாயை நிரப்பிக்கொண்டே வந்த, பழச்சுவை மாறாத ஒயின்.

மறுமொழி 2:
என் பரிந்துரை புப்பிலான் ஊரின் சிவப்பு ஒயின். பூல்சார் திராட்சையை அவ்வூரார் ப்ளூசார் என்றே அழைப்பார்கள். தோல் மெல்லியது என்பதால், கிண்ணத்தின் மறுபுறம் வைத்த விரல் தெரியுமளவுக்கு ஒயின் வெளிறியிருக்கும். சற்றே குளிர்வித்துப் பருகுங்கள். அடுத்து லெத்துவால் ஊரின் வெள்ளை ஒயின். அங்கே மண்ணில் விண்மீன் வடிவப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. குன்றின்மேல் இருக்கும் ஷாதோ ஷாலோனை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஒயினுக்கு மட்டுமே தன் பெயரைத் தரும் ஊர் அது. விளைச்சல் தரமாக இல்லை என்று 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்பெயரையே பயன்படுத்தாமல் விட்டவர்கள் அவர்கள். அந்த நேர்மைக்காகவே அவர்கள்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

மறுமொழி 3:
இவ்வட்டாரம் மறக்கப்பட்டதற்கு திராட்சைக் கொடிகளின் வேரை அழித்த ஃபிலாக்செரா பூச்சியும் ஒரு காரணம். அதற்கு முன் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் இருந்த தோட்டங்கள் இன்று சுமார் 2,000 ஹெக்டேரே. இத்தனைக்கும் ஆர்புவா, 1936இல் பிரான்சில் முதன்முதலாகப் பிறப்பிடப் பெயருரிமை (விளைந்த ஊரின் பெயரை ஒயினுக்கு இடும் சட்ட உரிமை) பெற்றவற்றுள் ஒன்று. லூயி பாஸ்டர் வளர்ந்த ஊரும் அதுவே. மஞ்சள் ஒயினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பருகாமல், சில மணி நேரம் முன்பே திறந்துவைத்து, அதே மலைப்பகுதியின் கோம்தே பாலாடைக்கட்டியுடன் சுவையுங்கள். மிச்சத்தை மூடிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது.