சிம்மர்ஸ்டாட்டுக்குத் தமிழ்: ‘தவணை விசை’ பொருந்துமா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட பங்களாக்களில் இருக்கும் பழைய மின்அடுப்புகளைப் பழுதுபார்க்கும் தம்பிகளுக்காகத் தமிழில் கையேடு எழுதுகிறோம். குமிழுக்குப் பின்னால் இருந்து சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சான சிம்மர்ஸ்டாட்டுக்கு ‘வெப்பநிலைச் சீராக்கி’ என்று எழுதியிருக்கிறேன். அண்ணன்மார் கருத்துச் சொல்லுங்கள்.

*

தம்பி, அந்தப் பெயர் வேண்டாம். ஆளைத் தவறான இடத்தில் தேட வைத்துவிடும். சிம்மர்ஸ்டாட்டுக்குச் சட்டியின் வெப்பநிலை தெரியவே தெரியாது. வெப்பநிலையை உணர்வது ‘அவன்’ (oven) அடுப்பில் இருக்கும் தெர்மோஸ்டாட். நீண்ட மெல்லிய குழலும் அதன் நுனியில் உணர்குமிழும் வைத்தது.

சிம்மர்ஸ்டாட்டுக்குள் ஓர் ஈருலோகப் பட்டை இருக்கும். அதை ஒட்டியே ஒரு சிறு சூடேற்றிக் கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் பட்டை சூடாகி வளையும், தொடுமுனை பிரியும், அடுப்பின் காயில் (சூடேறும் சுருள்) அணையும். பட்டை ஆறியதும் மறுபடி தொடும். குமிழைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் நெம்புருள் (cam) பட்டையை எவ்வளவு அழுத்துகிறதோ, அதற்குத் தக்கபடி எரியும் நேரம் கூடும் அல்லது குறையும். எரியும்போது காயில் முழு வாட்டில்தான் எரிகிறது. சூட்டைத் தவணை தவணையாகக் கொடுக்கிறது என்பதால் ‘தவணை விசை’ என்கிறேன். கடையில் ‘தவணைச் சுவிட்சு’ என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

‘விட்டெரி விசை’ என்றும் யோசித்துப் பார்த்தேன். நம் பேச்சில் ர, ற வேறுபாடு இல்லாததால் ‘விட்டெறி’ என்றே காதில் விழும். பழுதுபார்ப்புக் கையேட்டில் அந்தக் குழப்பம் கூடாது.

*

ஐயா சொன்ன ‘தவணை விசை’யை ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய தலைமுறை அடுப்புகளில் இருக்கும் மூன்று நிலைச் சுவிட்சையும் இதே பெயரில் அழைத்துவிடக் கூடாது. அது விட்டுவிட்டு எரிவதில்லை. இரண்டு காயில்களை இணைக்கும் விதத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘படிவிசை’ என்று தனியாக வைப்போம்.

240 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 900 வாட், அதாவது 64 ஓம் என்று வையுங்கள். இரண்டும் பக்க இணைப்பில் 1800 வாட், இது மேல்படி. ஒன்று மட்டும் 900, நடுப்படி. தொடர் இணைப்பில் 128 ஓம், 450 வாட், கீழ்ப்படி. இந்தக் கணக்கு தெரிந்தவருக்குப் பழுது தானே பிடிபடும். கீழ்ப்படி அறவே எரியவில்லை, மேல்படி பாதிச் சூடுதான் என்றால் ஒரு காயில் அறுந்திருக்கிறது. நடுப்படி எரிந்தால் அறுந்தது மற்றக் காயில். நடுப்படியும் எரியாவிட்டால் நடுப்படிக்குரிய காயிலே அறுந்தது.

தவணை விசையின் பழுது வேறு மாதிரி. குமிழைத் தாழ்வில் வைத்துக் கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் காயிலுக்குப் போகும் ஒரு கம்பியில் மாட்டுங்கள். 1800 வாட் காயிலுக்கு முள் 7.5 ஆம்பியருக்கும் சுழிக்கும் இடையே மாறி மாறி வர வேண்டும். 7.5-லேயே நின்றால் தொடுமுனை உருகி ஒட்டியிருக்கலாம், அல்லது சூடேற்றிக் கம்பி காயிலுக்குப் பக்க இணைப்பில் இருக்கும் வகையில் அந்தக் கம்பி அறுந்து பட்டை வளையாமல் இருக்கலாம். பால் பொங்கி வழிகிறது என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் இவைதாம் காரணம். மாற்று விசை வாங்கும்போது வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்த வேண்டும். சூடேற்றிக் கம்பி காயிலோடு தொடராக இருக்கும் வகையில், ஆம்பியர் மாறினால் தவணையும் மாறிவிடும்.

*

இரண்டு சொல்லும் நன்று, அப்படியே சேர்த்துவிடுகிறேன். ‘வெப்பநிலைச் சீராக்கி’யை ‘அவன்’ அடுப்பின் தெர்மோஸ்டாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

*

இன்னொன்றும் சேர்த்துவிடு தம்பி. நம் ஈரக் காற்றில் நெடுநாள் சும்மா கிடந்த குழாய்க் காயிலில், உள்ளே அடைத்த மக்னீசியம் ஆக்சைடுத் தூள் ஈரம் உறிஞ்சியிருக்கும். சுவிட்சைப் போட்டதும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுக் காப்பு விழும். காயில் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். கழற்றி, 100 பாகைக்குச் சற்று மேலே சில மணி நேரம் ‘அவன்’ அடுப்பில் உலர்த்தி, காப்புத்தடை அளக்கும் 500 வோல்ட் மெகரில் அது 1 மெகாஓமுக்கு மேல் ஏறிவிட்டதா என்று பார்க்கலாம். கசிவுக் காப்பைத் தவிர்த்து நேராகக் கம்பி போடும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. ‘தவணை விசை’ பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடு: குமிழ் சுழியில் இருந்தாலும் சில வகைகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும், பின்பலகையைக் கழற்றும் முன் மெயினை அணைக்கவும், கழற்றியதும் காயிலின் இரு முனைகளிலும் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் பார்க்கவும்.