ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும் குஞ்சுகள் – யாராவது வழி சொல்லுங்க

அனைவருக்கும் வணக்கம். இன்குபேட்டரில் 20 நாட்டுக்கோழி முட்டை வச்சேன். 7 பொரிச்சது, 2 கூமுட்டை. மீதி 11-லயும் குஞ்சு முழுசா வளர்ந்து, ஓட்டைக் கொத்தாமலே செத்துக் கிடந்தது. நாலை உடைச்சுப் பார்த்தேன். தண்ணி வழியுது, குஞ்சு உப்பி நொசநொசன்னு இருக்கு. மனசே கேக்கல.

சூடு 37.5 டிகிரிதான், அதில் குறை இல்ல. சந்தேகம் ஈரப்பதத்து மேலதான். ஓட்டின் நுண்துளை வழியா 18 நாளில் முட்டை எடையில் 12 சதவீதம் போல நீர் ஆவியாகணும். அந்த இடத்தில் காத்து புகுந்து, அகலமான முனையில் காத்தறை பெருசாகும். குஞ்சு முதல் மூச்சு விடுறதே அதுக்குள்ளதான். என் முட்டைகள் 48 கிராமிலிருந்து 45-க்குத்தான் இறங்கியிருந்தது. டார்ச் அடிச்சா காத்தறை நாலணா காசளவுதான்.

அப்புறம்தான் ஈரப்பதம் காட்டும் ஈரமானியை உப்புச் சோதனை செஞ்சேன். ஈர உப்போட மூடின டப்பாவில் 75 காட்டணும், 64 காட்டுது! நான் 55-ன்னு நம்பின ஈரப்பதம் நிஜத்தில் 66 சதவீதம்.

இப்போ இரண்டாவது ஈடு 9-ஆம் நாளில் இருக்கு. முட்டைக்கு 3 கிராம் குறைஞ்சிருக்கணும், 1 கிராம்தான் குறைஞ்சிருக்கு. தண்ணித் தட்டை எடுத்துட்டேன். மிச்ச நாளில் இதை ஈடுகட்ட முடியுமா? வெளியே அடைமழை வேற. கடைசி மூணு நாள் ஈரப்பதத்தை எவ்வளவு ஏத்தலாம்? மழைக்காலத்தில் பொரிச்ச அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன்.