மருத்துவமனை நிர்வாகம்: எம்எச்ஏவா, எம்பிஏவா?

கேள்வி:
பி.காம். முடித்துவிட்டு மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போக நினைக்கிறேன். எம்எச்ஏ (மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை) நல்லதா, எம்பிஏவில் மருத்துவமனை மேலாண்மையா? மருத்துவப் பின்னணி இல்லாதது தடையாகுமா?

பதில் 1:
இரண்டும் பொதுவாக இரண்டாண்டுப் படிப்புதான். பெயரை விடுங்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். மருத்துவச் சொற்கள், தொற்றுக் கட்டுப்பாடு, மருத்துவப் பதிவேடு, புள்ளியியல் நான்கும் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் எந்தத் துறையில் எத்தனை வாரம் என்று எழுத்தில் கேளுங்கள். முழுக்க வரவேற்பு மேசையிலேயே உட்கார வைத்தால் அந்தப் படிப்பால் பயனில்லை.

பதில் 2:
எதைப் படித்தாலும் படுக்கைக் கணக்கு கைவர வேண்டும். தினசரி அட்மிஷனைச் சராசரியாகத் தங்கும் நாட்களால் பெருக்கினால், எத்தனை படுக்கை நிரம்பியிருக்கும் என்று தெரியும். நாளுக்கு 20 அட்மிஷன், சராசரி 4.5 நாள் என்றால் 90. மொத்தம் 100 படுக்கை இருந்தால் பத்துதான் மிச்சம். டிஸ்சார்ஜ் அரை நாள் தள்ளினால் சராசரி 5 ஆகி, நூறும் நிரம்பிவிடும். எமர்ஜென்சிக்கு வருபவர் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பார்.

அந்த அரை நாள் எங்கே போகிறது? டாக்டர் ரவுண்ட்ஸில் ‘போகலாம்’ என்ற பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி, மிஞ்சிய மருந்தைத் திருப்புவது, ஃபைனல் பில், இன்ஷூரன்ஸ் ஒப்புதல், படுக்கையைச் சுத்தம் செய்வது என்று வரிசையாக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறிக்க வேண்டும். மொத்த நேரத்தை மட்டும் அளந்தால் பில்லிங் மேல் பழி விழும். சம்மரி வராமல் அவர்களால் பில்லை முடிக்க முடியாது என்பது கண்ணில் படாது. சம்மரியின் வரைவை முந்தைய மாலையே எழுத வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பதில் 3:
பி.காம். தடையே இல்லை. ஆனால் ஐசிடி-10 என்ற உலகளாவிய நோய்க் குறியீட்டைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். இ11.9 (E11.9) என்றால் சிக்கல் இல்லாத இரண்டாம் வகை நீரிழிவு; சிறுநீரகம் பாதித்திருந்தால் இ11.2. டாக்டர் ஃபைலில் வெறுமனே ‘நீரிழிவு’ என்று எழுதியிருந்தால், குறியீடு போடுபவர் இ11.9 போடுவார். பில்லில் சிறுநீரக சிகிச்சை இருக்கும். இரண்டும் பொருந்தாமல் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் திரும்பிவரும். அப்போது குறியீட்டை ஊகித்து மாற்றக் கூடாது, டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் வாங்க வேண்டும். அடுத்த பதிப்பான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதன் அமைப்பையும் பார்த்து வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்டர்ன்ஷிப்பை எந்தத் துறையில் தொடங்கலாம்?

பதில் 2:
மருத்துவப் பதிவேட்டில். ஒரு நோயாளியின் ஃபைலை அட்மிஷனிலிருந்து பில் வரை படித்தால், எந்தத் துறை எதற்காகக் காத்து நிற்கிறது என்பது புரியும். அனுமதி வாங்கிப் படியுங்கள். பெயரோ விவரமோ உங்கள் குறிப்பேட்டில் ஏறக் கூடாது.