பழைய மென்பொருளை மாற்றப் போய்ப் பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:

போன சித்திரைப் புத்தாண்டுக்கு ஊரே கொழும்பைவிட்டுப் புறப்பட்டுப் போனபோது, நாங்கள் ஏழு பேர் ஒருகொடவத்தைக் களஞ்சியத்தின் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தோம். லொறி ஓடாத, கடை திறக்காத நான்கைந்து நாட்கள் வருடத்தில் அப்போதுதான் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அதற்குள் பழைய மென்பொருளை நிறுத்திப் புதியதை ஓடவிட வேண்டும் என்பது திட்டம். கொக்கிஸும் பயத்தம் பணியாரமும் தீர்ந்தன, வேலை தீரவில்லை.

எங்களுடையது நுகர்வுப் பொருள் விநியோகம். மென்பொருள் 2003 இல் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து யாராவது ஒருவர் வந்து "எங்களுக்கு மட்டும் இப்படி வேண்டும்" என்று கேட்க, மற்றவர் செய்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். செய்து கொடுத்த நிறுவனம் இப்போது இல்லை. எழுதிய பையன்கள் மெல்பேர்னிலும் டொரொண்டோவிலும் இருக்கிறார்கள். கையேடு என்று ஒரு கோப்பு கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் இருந்த திகதி 2009.

புதியதை விற்க வந்தவர்கள் முதற்கூட்டத்திலேயே, உங்கள் தேவையில் பத்துக்கு எட்டு எங்களிடம் இயல்பாகவே இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மிச்ச இரண்டில்தான் எங்கள் வியாபாரம் இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்குக்குக் கிரெடிட் நோட், அதாவது கடையின் கணக்கில் அந்தத் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சிட்டை, போடும் நிரல். அதைத் திறந்து பார்த்த எங்கள் பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். வற் வரி வீதம் ஒரு அட்டவணையில் இல்லாமல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 2019 டிசம்பர் 1 முதல் 8 வீதம். 2022 ஜூன் 1 முதல் 12. அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் 15. 2024 ஜனவரி 1 முதல் 18. அரசாங்கம் ஒவ்வொரு முறை வீதத்தை மாற்றும்போதும் யாரோ ஒருவர் வந்து கீழே இன்னொரு நிரல் வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் கீழே, எதற்கென்றே விளங்காத அறுபது நிரல் வரிகள். குப்பை என்று ஒருமனதாக முடிவு செய்தோம். நானும் கை தூக்கியவன்தான்.

சோதனை ஓட்டத்துக்கு வேண்டுமென்றே வரி மாறிய காலத்துத் தரவை எடுத்தோம், 2024 ஜனவரியும் பெப்ரவரியும். பழைய மென்பொருள் காட்டிய வற் தொகை வேறு, புதியது காட்டியது வேறு. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் எத்தனை தடவை ஓட்டினாலும் போகவில்லை. இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் பிடிபட்டது. டிசம்பரில் 15 வீதத்தில் விற்ற பிஸ்கட் பெட்டி ஜனவரியில் திரும்பி வந்தால், புதியது அன்றைய 18 வீதத்தில் கழித்துக்கொண்டிருந்தது. மூல இன்வொய்ஸைச் சுட்டினால் சரியான வீதத்தை எடுக்கும். ஆனால் சாரதி கொண்டுவரும் துண்டில் இன்வொய்ஸ் இலக்கம் இருப்பதே அபூர்வம்.

அந்த அறுபது வரிகள் செய்தது இதைத்தான். இலக்கம் இல்லாவிட்டால், அந்தக் கடைக்கு அந்தப் பொருள் கடைசியாக எந்த இன்வொய்ஸில் போனது என்று பின்னால் போய்த் தேடி, அந்த நாளின் வீதத்தை எடுத்திருக்கின்றன. இதைக் களஞ்சியப் பொறுப்பாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "கடைக்காரர் இன்வொய்ஸை வைத்திருப்பாரா தம்பி? அதில்தானே கடலை சுற்றிக் கொடுக்கிறார்."

இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம். எங்கள் தேவைப் பட்டியல் எழுதிய கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. சரி, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி சம்பளப் பிரிவு:

அண்ணா, எங்கள் கதையையும் கேளுங்கள். நான் சம்பளப் பகுதியில் இருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் விவரம் அனுப்புவதும் என் வேலைதான்.

எங்கள் பழைய மென்பொருளில் தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குப் பத்து இடம். ஒன்பது எண், பின்னால் ஒரு எழுத்து. 2016 இல் பன்னிரண்டு எண் அட்டை வந்தது. முதலில் யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் பழைய அட்டைதான் இருந்தது. 2018 இல் 2000 ஆம் ஆண்டில் பிறந்த ஒரு பிள்ளை பயிலுநராகச் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே அவளுக்கு ஓய்வுபெறும் அறிவித்தல் அச்சாகி வந்தது. மென்பொருள் இலக்கத்தின் முதலிரண்டு எண்ணை எடுத்து முன்னால் 19 போட்டுப் பிறந்த வருடத்தைக் கண்டுபிடிக்கும். அவளுடையது 20 என்று தொடங்கியது. 1920 இல் பிறந்தவள் என்று முடிவு கட்டிவிட்டது. பிள்ளை கடிதத்தை வாங்கிக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

அதைத் திருத்த வந்தவர் பத்து இடத்தைப் பன்னிரண்டாக்கியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த அறிக்கைகள் முப்பதுக்கு மேல். எல்லாவற்றையும் தொட வேண்டி வரும் என்று பயந்து, கடைசி இரண்டு எண்ணைத் தொலைநகல் இலக்கத்துக்கான இடத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அது கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அவரைக் கூப்பிட்டது நான்தான்.

போன வருடம் புதிய மென்பொருளுக்கு மாறும்போது, தரவு சுத்தம் செய்ய வந்த குழு முதல் வேலையாகத் தொலைநகல் இலக்கத்துக்கான இடத்தைத் தூக்கி எறிந்தது. இந்தக் காலத்தில் யாரிடம் தொலைநகல் இருக்கிறது? நியாயமான கேள்விதானே. புதிய ஊழியர் அத்தனை பேருடைய அடையாள இலக்கமும் பத்து எண்ணோடு நின்றது. நல்லவேளை, சோதனைக் கோப்பிலேயே கண்டோம். இல்லாவிட்டால் யாருடைய சேமலாப நிதி யாருடைய கணக்குக்குப் போயிருக்குமோ.

புறக்கோட்டை மொத்த வியாபாரம்:

நீங்கள் இருவரும் எண்ணில் மாட்டினீர்கள், நான் எழுத்தில் மாட்டினேன். எங்கள் கடன்காரர் பட்டியல் தமிழில், பாமினி எழுத்துருவில். பாமினியை அறியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அத்தனையும் கிறுக்கல். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை.

பழையதிலிருந்து புதியதுக்குக் கொண்டுபோகத் தரவை ஒரு கோப்பாக எடுத்துத் தந்தார்கள். ஒரு விவரத்தையும் அடுத்ததையும் பிரிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த குறி எது தெரியுமா? அரைப்புள்ளி. கந்தசாமி "கந" என்று முறிந்து, "தசாமி" முகவரிக்குள் போய் உட்கார்ந்தது. முகவரி தொலைபேசிக்குள் போனது. தொலைபேசி இலக்கம் கடன் எல்லைக்குள் போனது. எழுபத்தேழு கோடி ரூபாய் வரை கடன் வாங்கத் தகுதி பெற்றார் கந்தசாமி. புள்ளியே இல்லாத பெயர்க்காரர்கள் மட்டும் சேதமில்லாமல் தப்பினார்கள்.

அதைத் திருத்தி ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினோம். பாமினியில் கொம்பை முதலில் தட்டிவிட்டு எழுத்தைத் தட்ட வேண்டும். ஒருங்குறியில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றும் நிரல் அதைச் சரியாகவே செய்தது. இனிச் சிக்கல் இல்லை என்று இருந்தேன். மறுநாள் காலை பட்டியலோடு எங்கள் மூத்த கணக்குப்பிள்ளை வந்தார். "வேலுப்பிள்ளையைக் காணவில்லை."

வேலுப்பிள்ளை வகரத்தில் ஒழுங்காக இருந்தார். ஆனால் பழைய மென்பொருள் பெயர்களை அடுக்கியது உள்ளே இருந்த ஆங்கில விசைப்படி. செல்லத்துரை, தெய்வேந்திரம், வேலுப்பிள்ளை, கேதீஸ்வரன் என்று கொம்பில் தொடங்கும் பெயரெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. பதினெட்டு வருடமாக அவர் அவர்களைக் "கொம்புக்குள்" தேடிப் பழகியவர். அரிச்சுவடி வரிசைதான் சரி என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தை, ஓய்வுபெற்றவன்:

எல்லோரும் பழைய நிரல்களுக்காகக் கண்ணீர் விடுகிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன்.

எங்களுடையது எஸ்.ஏ.பி. ஈ.சி.சி., எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பழைய தலைமுறை வியாபார மென்பொருள். நாங்களாக எழுதிய நிரல்களின் பெயர் இசட் அல்லது ஒய் என்று தொடங்கும், அதுதான் விதி. ஆயிரத்துக்கு மேல் இருந்தன. எவையெல்லாம் கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது ஓடின என்று எண்ணிப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஈ.சி.சி.யின் அண்மைய பதிப்புகளுக்கான வழமையான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை இழுக்கலாம், அதுவும் டொலரில். 2022 இல் ரூபாய் விழுந்த விழுகையில் உரிமக் கட்டணச் சிட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூடுதல் என்ன என்று விளங்கும். அதற்கு அடுத்து வந்த எஸ்4 ஹானாவில் வாடிக்கையாளர் வேறு, வழங்குநர் வேறு என்ற இரண்டு பதிவும் ஒன்றாகிவிடுகிறது. பொருள் இலக்கம் 18 இடத்திலிருந்து 40 ஆகிறது. ஆயிரம் இசட் நிரலையும் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது.

ஆகவே ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நிறுத்தினோம். யார் கத்துகிறார்கள் என்று பார்த்தோம். திங்கட்கிழமைதோறும் நாற்பது பக்கம் அச்சாகும் ஒரு அறிக்கை இருந்தது. கேட்ட பணிப்பாளர் 2013 இலேயே ஓய்வுபெற்றுவிட்டார். நிறுத்திய மறுவாரம் ஒரே ஒரு முறைப்பாடு வந்தது, அலுவலகப் பியூனிடமிருந்து. அதன் பின்பக்கத்தில்தான் அவர் தேநீர்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாராம்.

ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் அங்காடி 2018 இல் தன் எஸ்.ஏ.பி. திட்டத்தைக் கைவிட்டது. ஏழு வருடம், சுமார் 50 கோடி யூரோ போனதாகச் செய்தி வந்தது. சரக்கு இருப்பைக் கொள்விலையில் மதிப்பிடுவது அவர்கள் பழக்கம், மென்பொருளின் இயல்போ விற்பனை விலை. பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் போனதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் அறுபது வரி நியாயமானது. ஆனால் அப்படிப்பட்ட ஒன்றுக்காக மற்றத் தொள்ளாயிரத்தையும் காப்பாற்றாதீர்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தமில்லாமல் நிறுத்திப் பார்க்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஓடும் நிரலை நிறுத்தினால், கத்துபவர் மார்ச் 31 வரை வாய் திறக்க மாட்டார். எங்கள் வருட முடிவு இருப்பெடுப்பில் அப்படி ஒன்று மாட்டியது. அந்தக் கதை நீளம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இரண்டு மென்பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் எவ்வளவு காலம் ஓட்டினோம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மாத இறுதிக் கணக்கு முடிப்புகள். மூன்றாவதையும் ஓட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் இரண்டிலும் பதிந்து பதிந்து பிள்ளைகள் களைத்துவிட்டார்கள்.

பம்பலப்பிட்டி சம்பளப் பிரிவு:

புறக்கோட்டை அண்ணா, அந்தக் கணக்குப்பிள்ளை ஐயாவுக்குக் கடைசியில் என்ன செய்தீர்கள்?

புறக்கோட்டை மொத்த வியாபாரம்:

என்ன செய்வது தங்கச்சி. கொம்பு வரிசையில் பட்டியல் அச்சடிக்க ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். புதிய மென்பொருளில் எங்களுக்கென்று தனியாக எழுதப்பட்ட முதல் நிரல் அதுதான்.