மறு: கெர்ரிமேண்டரிங் - தமிழ்ல என்ன வைக்கலாம்?

> 'கோணல் தொகுதி'ன்னு வச்சா மேப்பைப் பார்த்ததுமே புரிஞ்சிடும்

அண்ணா, கோணல் வேணாமே. கெர்ரிமேண்டரிங்னா ஒரு தரப்புக்கு சாதகமா தேர்தல் தொகுதியோட எல்லைய வளைச்சு வரையறது. 1812ல மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்து போட்ட மேப்புல ஒரு தொகுதி சாலமாண்டர் (பல்லி மாதிரி இருக்கற ஒரு பிராணி) கணக்கா வளைஞ்சு கிடந்துச்சு, கெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்து வந்த பேருதான், சரி. ஆனா கோணலா இருக்கறதெல்லாம் ஒரே நோக்கத்துல வரைஞ்சது இல்ல. நார்த் கரோலினாவுல 1992ல இருந்த 12வது தொகுதிய எடுத்துக்குங்க, ஐ-85 ஹைவேய ஒட்டி டர்ஹம்ல இருந்து சார்லட் பக்கம் வரைக்கும் சுமார் 160 மைல் நீளம், சில இடத்துல அகலம் ரோடு அளவுதான், காரோட ரெண்டு கதவையும் திறந்து வச்சுட்டு ஓட்டினா தொகுதியில முக்கால்வாசி பேர் காலின்னு அந்த ஊர் சட்டமன்ற உறுப்பினர் ஒருத்தர் அடிச்ச ஜோக்கை 1993ல ஷா எதிர் ரீனோ வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புலயே எடுத்துப் போட்டிருக்காங்க. ஆனா கறுப்பினத்தவங்க பெரும்பான்மையா இருக்கணும்னே ரெண்டு தொகுதிய வரைஞ்ச அந்த மேப்புலதான் 1992ல மெல் வாட், 1வது தொகுதியில ஈவா கிளேட்டன்னு ரெண்டு பேர் ஜெயிச்சாங்க, 1901க்கு அப்புறம் அந்த மாநிலத்துல இருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினத்தவங்க.

அலபாமா நேர் எதிர். மேப்புல அப்படி ஒண்ணும் விகாரம் தெரியாது, ஆனா ஜனத்தொகையில நாலுல ஒரு பங்குக்கு மேல கறுப்பினத்தவங்க, 7 தொகுதியில அவங்க கை ஓங்கினது ஒண்ணே ஒண்ணுலதான். அங்க மொத்தமா அடைச்சுட்டு மிச்ச பேரை மத்த தொகுதிகளுக்குப் பிச்சுப் போட்டுட்டா எங்கயும் எடுபட மாட்டாங்க. 2023ல உச்ச நீதிமன்றம் 5-4ல இது 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு ஒத்து வராதுன்னு சொன்ன பிறகு, 2024ல புது மேப்புல கறுப்பினத்தவர் இன்னொருத்தரும் ஜெயிச்சார்.

அதனால என் ஓட்டு 'தொகுதித் திரிப்பு'க்கு. உள்நோக்கம் அதுல வந்துடுது. 'மறுவரையறை' பொதுச்சொல்லாவே இருக்கட்டும். ஒரே இடத்துல அடைக்கறதுக்கு 'குவிப்பு', பிச்சுப் போடறதுக்கு 'துண்டாடல்'. போன மெயில்ல ஒருத்தர் சொன்ன 'திணிப்பு' நல்ல சொல்தான், ஆனா நம்மாளுக்கு அதைக் கேட்டதும் இந்திதான் ஞாபகம் வரும். 'ஓட்டுப் பிரிப்பு'ம் ஆகாது, மூணாவது வேட்பாளர நிறுத்தி ஓட்டைப் பிரிக்கறதுக்கு அது ஏற்கனவே பட்டா போட்டாச்சு.

> சிறுபான்மையினர் அதிகமா இருக்கற தொகுதிக்கு 'தனித்தொகுதி' போதாதா?

போதாதுங்க, குழப்பிடும். நம்ம தனித்தொகுதியில ஓட்டு எல்லாரும் போடலாம், நிக்கறது மட்டும் பட்டியல் இனத்தவர் இல்லன்னா பழங்குடியினர்தான். அமெரிக்காவுல யார் வேணா நிக்கலாம், ஓட்டர்கள்ல யார் அதிகம்ங்கறதுதான் கணக்கு. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரத்துல கறுப்பினத்தவங்க பெரும்பான்மையா இருந்த தொகுதியில ஸ்டீவ் கோஹன்ங்கற வெள்ளைக்காரர் 2006ல இருந்து திரும்பத் திரும்ப ஜெயிச்சிருக்கார். இதுக்கு எனக்கு இன்னும் சொல் சிக்கல, 'சிறுபான்மைப் பெரும்பான்மைத் தொகுதி'ன்னு எழுதினா படிக்கறவன் அடிக்க வருவான், யாராவது சொல்லுங்க.