எழுபது வயதில் புது ஆல்பம் தேவையா?

கப்பலூர் ரிஃப்:
பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் 2025இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் 1980 முதல் 1992 வரை வந்த முதல் ஒன்பது ஆல்பங்களின் பாட்டுகளை மட்டும்தான் வாசிக்கிறார்கள். எங்கள் ரசிகர் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதில் பரம சந்தோஷம். "இனிமேல் புதுசு போடவே வேண்டாம், பழசை மட்டும் வாசித்தால் போதும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 2021இல் அவர்கள் போட்ட சென்ஜுட்சு ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம். கம்பெனி பஸ்ஸில் திருப்பரங்குன்றம் தாண்டும்போது அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மாசிவீதி கேசட்:
நிறுத்திவிடலாம் தம்பி. இவர்களையெல்லாம் ரெக்கார்டிங் கடையில் காசு கொடுத்துக் கேசட்டில் பதிந்து கேட்டவன் நான். 2007இல் மெய்டன் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது ராத்திரி ரயிலில் போய் நின்றேன். அந்த வேகம் திரும்பி வராது. மோட்டர்ஹெட் குழுவின் பாடகர் லெம்மியைப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் ஆல்பம், உடனே சுற்றுப்பயணம், முடியாமல் பாதியிலேயே மேடையை விட்டு இறங்கினார். எழுபது வயது முடிந்த நான்காம் நாள் போய்விட்டார். நேசித்த மனிதரை அப்படிப் பார்க்க வேண்டுமா?

திருநகர் கிட்டார்:
அண்ணே, நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. லெம்மியை வாட்டியது மேடை. ஆல்பம் இல்லை.

ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2018 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அடுத்த மாதமே அவர்களின் ஃபயர்பவர் ஆல்பம் வந்தது. சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் ஆண்டி ஸ்னீப் வாசித்தார். ஆனால் 2024இல் வந்த இன்வின்சிபிள் ஷீல்டு ஆல்பத்திலும் டிப்டனின் பங்கு இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் நின்று பழைய சோலோக்களை அதே வேகத்தில் வாசிக்க அந்தக் கை இடம் கொடுக்காது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து, முடிகிற நேரத்தில், இன்றைய கைக்கு வருகிற ஒரு ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எழுதலாம். "புதுசு வேண்டாம், பழசை மேடையில் வாசி" என்று நாம் கேட்பது உடம்பு தருவதற்கு நேர் எதிரானது. அவருக்கு மிச்சம் இருப்பதே புதுப் பாட்டுதான்!

என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி கதையைச் சொல்லாமல் பாடம் தொடங்க மாட்டேன். பதினேழு வயதில் பர்மிங்காம் தகரப் பட்டறை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துகிற விரல்களே அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். லேசான கம்பி மாட்டினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். நாம் உயிரை விடுகிற அந்தக் கனமான சத்தத்தில் இதற்கெல்லாம் பங்கு உண்டு. உடம்பு எதைத் தருமோ அதை வைத்து இசை செய்வது மெட்டலுக்கு முதல் நாளிலிருந்தே வழக்கம். அதே ஐயோமி புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே உருவாக்கிய 13 என்ற ஆல்பம் 2013இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிளாக் சப்பாத்துக்கு அங்கே 1970க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

நம்ம ஊர் டி.எம்.எஸ்.ஸை நினைத்துப் பாருங்கள். 2010 செம்மொழி மாநாட்டுப் பாட்டின் தொடக்கத்தில் குறள் வரியைப் பாடியபோது அவருக்கு 88 வயது. அன்றைய குரலில், நிதானமாக. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறுபதுகளின் உச்சஸ்தாயிப் பாட்டை அதே சுருதியில் பாடச் சொல்லியிருந்தால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இளமையில் போட்ட ஆல்பத்தையே நகல் எடுக்கிற புதுசு வேண்டாம். அப்படி வந்தவையும் நிறைய இருக்கின்றன.

நரிமேடு டபுள்பேஸ்:
எனக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட் அறிமுகமானதே ஃபயர்பவரில்தான். அப்போது பள்ளியில் படித்தேன். அங்கிருந்து பின்னோக்கிப் போய்த்தான் 1980இல் வந்த பிரிட்டிஷ் ஸ்டீலைக் கேட்டேன். அண்ணன்களுக்குக் கேசட் காலம் இருந்தது. எங்களுக்கு, நாங்கள் இருக்கும்போதே வந்த ஆல்பம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதானே இருந்தது? நிறுத்தியிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

மாசிவீதி கேசட்:
டிப்டன் விஷயத்தில் திருநகர் தம்பி சொல்வது நியாயம். மெய்டன் விஷயத்தில் நான் மாறவில்லை, சென்ஜுட்சு 82 நிமிடம், பாதியாவது வெட்டியிருக்க வேண்டும். இன்வின்சிபிள் ஷீல்டை நான் கேட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்க?

திருநகர் கிட்டார்:
முதல் பாட்டிலிருந்தே வரிசையாகப் போங்கள் அண்ணே. பாடகர் ஹால்ஃபோர்டுக்கு அந்த ஆல்பம் வந்தபோது 72 வயது. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள்.